விரைவுத் திரவமும் உயிர்பிழைப்பும்: அவசர மருத்துவத்தில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

முன்னுரை

கடுங்காய்ச்சலோடு மயங்கிக் கிடக்கும் குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததும் அதன் நரம்பில் ஊசி செலுத்தி உப்புநீர் ஏற்றுவது, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவசர மருத்துவத்தின் முதற்கடமைகளுள் ஒன்றாக நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் இதனைப் பொதுமக்கள் 'குளுக்கோஸ் ஏற்றுதல்' என்பர். ஏறுவது பெரும்பாலும் குளுக்கோஸ் அன்று. எனினும் பாட்டில் தொங்கினால் உயிர் தங்கும் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள் பொதிந்துள்ளது. அந்நம்பிக்கை பொதுமக்களுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவப் பாடநூல்களும் நெறிமுறைகளும் ஏறத்தாழ அதே உறுதியோடு அதனைக் கூறிவந்தன.

குருதிச் சுற்றோட்டம் தளர்ந்து, கைகால்கள் சில்லிட்டு, நாடி மெலியும் நிலையை மருத்துவர்கள் 'ஷாக்' என்பர். தமிழில் இஃது அதிர்ச்சிநிலை எனப்படுகிறது. அந்நிலையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில், ஒரு மணி நேரத்துக்குள் வேகமாகச் செலுத்தப்படும் திரவமே 'போலஸ்'. இக்கட்டுரையில் அது விரைவுத் திரவம் எனச் சுட்டப்பெறுகிறது. இம்முறை எவ்வாறு தோன்றியது, எத்தகைய சான்றின்மேல் நிலைபெற்றது, 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆப்பிரிக்க ஆய்வு அச்சான்றை எவ்வாறு குலைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலராவும் உப்புநீரும்

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதித் துறைமுகங்களில் காலரா பரவியது. வில்லியம் புரூக் ஓ'ஷாக்னெசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் குருதியை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அதில் நீரும் உப்புகளும் பெருமளவு குறைந்துள்ளன என்று அறிவித்தார். இவர் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்றுக் கல்கத்தா வந்தார்; இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவர் என்ற வகையில்தான் வரலாறு இவரை மிகுதியும் நினைவில் வைத்திருக்கிறது.

ஓ'ஷாக்னெசியின் முடிவைச் செயலாக்கியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவரான தாமஸ் லாட்டா. 1832 மே மாதத்தில் சாகும் தறுவாயில் இருந்த ஒரு முதிய பெண்ணின் நரம்பில் அவர் உப்புக்கரைசலைச் செலுத்தினார். ஏறத்தாழ ஆறு பைன்ட் ஏறியதும் குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன, நாடி திரும்பியது. லாட்டா அவரை மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கச் சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடர, சில மணி நேரத்தில் அப்பெண் இறந்தார். இழப்பு தொடரும்வரை ஈடுசெய்தலும் தொடர வேண்டும் என்பது லாட்டா அதிலிருந்து பெற்ற பாடம். அது சரியான பாடமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனர்டு ரோஜர்ஸ் கல்கத்தாவில் அடர்த்தி மிகுந்த உப்புக்கரைசலைப் பயன்படுத்திக் காலரா இறப்பைக் கணிசமாகக் குறைத்தார். காலராவைப் பொறுத்தவரை நரம்புவழித் திரவத்தின் பயன் ஐயத்துக்கு இடமற்றது.

ஆயினும் லாட்டாவின் நிகழ்வில் மற்றொன்றும் அடங்கியிருந்தது. திரவம் ஏறியதும் நோயாளி கண்முன்னே மீண்டெழுவது, காண்போரை எளிதில் வசப்படுத்தும் காட்சி. அக்காட்சியைக் கண்ட மருத்துவருக்கு வேறு சான்று தேவைப்படுவதில்லை. பின்னாளில் காலராவுக்கு உரிய இத்தருக்கம் வேறு நோய்களுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, உடன் சென்றது அறிவியல் விளக்கத்தைவிட அக்காட்சியே எனலாம். காலராவில் நீர் உடலைவிட்டு வெளியேறுகிறது. செப்சிஸ் எனப்படும் கடுந்தொற்றில் நீர் வெளியேறுவது குறைவு. குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றின் சுவர்கள் கசிகின்றன, இதயத் தசையும் வலுவிழக்கிறது. இரண்டிலும் கைகால்கள் சில்லிடும். இரண்டிலும் நாடி மெலியும். அறிகுறி ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றாகவே இருக்கலாம் என்று கருதப்பட்டது.

ஒன்பது குழந்தைகள்

1991ஆம் ஆண்டில் ஜோசப் கார்சில்லோவும் உடனாய்வாளர்களும் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செப்சிஸ் அதிர்ச்சிநிலையில் இருந்த 34 குழந்தைகளை, முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் பெற்ற திரவ அளவின்படி மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்த கட்டுரை அது. குறைந்த அளவு பெற்ற 14 பேரில் 6 பேரும், இடைப்பட்ட அளவு பெற்ற 11 பேரில் 4 பேரும் பிழைத்தனர். கிலோவுக்கு 40 மில்லிலிட்டருக்கு மேல் பெற்றவர்கள் 9 பேர். அவர்களில் 8 பேர் பிழைத்தனர்.

இக்குழந்தைகளுக்கு எவ்வளவு திரவம் தருவது என்பது சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கப்படவில்லை. அவ்வப்போது மருத்துவம் செய்தவர்களின் முடிவாகவே அமைந்தது. ஆகவே மிகுதியாகத் திரவம் பெற்றவர்கள் வேறு காரணங்களாலும் பிழைத்திருக்கக்கூடும். முதன்மைக் குழுவில் இருந்தவர்களோ ஒன்பதே பேர். எனினும் 2002இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவக் கல்லூரி வெளியிட்ட குழந்தைகளுக்கான நெறிமுறை, முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 60 மில்லிலிட்டர் வரையும் அதற்கு மேலும் திரவம் தரலாம் என்று வகுத்தபோது, இக்கட்டுரை அதன் தூண்களுள் ஒன்றாக விளங்கியது. ஒன்பது குழந்தைகளின் மீது இத்துணைப் பெரிய கட்டடம் எழுந்தது மருத்துவ வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதே காலத்தில் பெரியவர்களுக்கான மருத்துவமும் இத்திசையிலேயே சென்றது. 2001இல் டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் இம்மானுவேல் ரிவர்ஸ் 263 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், இலக்கு வகுத்துத் திரவமும் பிற மருந்துகளும் முன்கூட்டியே தந்த குழுவில் மருத்துவமனை இறப்பு 30.5 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் பெற்ற குழுவில் 46.5 விழுக்காடு. உலகெங்கும் அம்முறை பரவியது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டு நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை.

மாற்றுக் குரல் முன்னரே எழாமலில்லை. ஹூஸ்டன் நகரில் உடற்பகுதியில் குத்துக்காயமோ துப்பாக்கிக் காயமோ பட்டு இரத்த அழுத்தம் தாழ்ந்த 598 பேரை வைத்து பிக்கெல் குழுவினர் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. ஒற்றைப்படை, இரட்டைப்படை நாட்கள் என்ற கணக்கில் சிலருக்கு ஆம்புலன்சிலேயே திரவம் ஏற்றப்பட்டது. சிலருக்கு அறுவை அரங்கை அடையும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. உடனே பெற்றவர்களில் 62 விழுக்காட்டினரும், காத்திருந்தவர்களில் 70 விழுக்காட்டினரும் உயிர்பிழைத்தனர். காயம் பட்டவர்களுக்கு உரிய முடிவு என்று அது ஒதுக்கப்பட்டது. தொற்று நோய்களுக்கான நெறிமுறைகளை அது தொடவே இல்லை.

சென்னையிலும் இக்கேள்வி ஆராயப்பட்டது. இந்துமதி சந்தானமும் உடனாய்வாளர்களும் அவசரப் பிரிவுக்கு வந்த 147 குழந்தைகளிடம் இரண்டு திரவ முறைகளை ஒப்பிட்டு 2008இல் முடிவை வெளியிட்டனர். ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 40 மில்லிலிட்டர் 15 நிமிடங்களில் தரப்பட்டது. மற்றதற்கு 20 மில்லிலிட்டர் 20 நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்பட்டது. இறப்பு மொத்தத்தில் 17.6 விழுக்காடு, இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. வேகத்தைக் கூட்டுவதால் தனிப்பயன் இல்லை என்பதனை ஃபீஸ்ட் ஆய்வுக்கு முன்பே உணர்த்திய ஆய்வு என்ற வகையில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. இரண்டு குழுக்களுமே விரைவுத் திரவம் பெற்றன என்பதும் இங்குக் கருதத்தக்கது. விரைவுத் திரவமே தராத ஒப்பீட்டுக் குழுவை அமைப்பது அறமாகாது என்பதே அன்றைய மருத்துவ உலகின் பொதுக்கருத்து.

கிலிஃபியிலிருந்து ஃபீஸ்ட் வரை

அத்தகைய ஒப்பீட்டுக் குழு அமைவதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சூழலே இடமளித்தது. உலக நலவாழ்வு அமைப்பின் அவசரப் பிரிவு நெறிமுறை, குளிர்ந்த கைகள், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேலாதல், மெலிந்து விரைந்த நாடி ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் மட்டுமே அதிர்ச்சிநிலை என வரையறுத்திருந்தது. இவ்வரையறைக்குள் வரும் குழந்தைகள் மிகச் சிலரே. ஆகையால் அங்குள்ள பெரும்பாலான மருத்துவமனைகளில் விரைவுத் திரவம் தராமையே நடைமுறையாக இருந்தது. தராதிருத்தல் அங்கு அறப்பிழையன்று, அன்றாட வழக்கம்.

கென்யாவின் கிலிஃபியில் பணியாற்றிய கேத்ரின் மெயிட்லண்ட் இந்நிலையை மாற்ற விரும்பியவர். திரவம் கிடைக்காமையால் குழந்தைகள் இறக்கின்றனர் என்பது அவரது கருத்து. கடும் மலேரியாக் குழந்தைகளிடம் அவர் குழுவினர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், சலைன் பெற்ற 61 பேரில் 11 பேரும் ஆல்புமின் பெற்ற 56 பேரில் இருவரும் இறந்திருந்தனர். ஆல்புமின் உயிர்காக்கிறது என்று இதனைப் படிக்கலாம். சலைன் கெடுக்கிறது என்றும் படிக்கலாம். இரண்டில் எது என்று கூற மூன்றாவதொரு குழு வேண்டும்.

அம்மூன்றாம் குழுவுடன் அமைந்ததே ஃபீஸ்ட் ஆய்வு. கென்யா, டான்சானியா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் 2009 சனவரியில் இது தொடங்கியது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிதி வழங்கியது. 60 நாள் முதல் 12 வயது வரையிலான, காய்ச்சலுடன் நினைவு மங்கியோ மூச்சுத்திணறியோ வந்த, சுற்றோட்டத் தளர்வின் ஏதேனும் ஓர் அறிகுறியேனும் உடைய குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். வயிற்றுப்போக்கு, கடும் ஊட்டக்குறைவு, காயம், தீப்புண் ஆகியவற்றுடன் வந்தவர்கள் விலக்கப்பட்டனர். ஆய்வைத் தொடங்குமுன் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவசர மருத்துவப் பயிற்சி தரப்பட்டது. நோய்நுண்ணுயிர் எதிர்மருந்து, மலேரியா மருந்து, ஆக்சிஜன், தேவையானால் குருதி ஆகியன மூன்று குழுக்களுக்கும் ஒன்றுபோலவே வழங்கப்பட்டன. செயற்கைச் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கு இல்லை.

ஒப்புதல் பெறுவது பெருஞ்சிக்கலாயிற்று. உயிருக்குப் போராடும் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் பல பக்கப் படிவத்தை விளக்கிக் கையொப்பம் பெறுவதற்குள் குழந்தை இறந்துவிடலாம். அவசரத்தில் வாய்மொழி இசைவு மட்டும் பெற்றுக்கொண்டு, குழந்தையின் நிலை சீரானபின் முழு விளக்கமும் எழுத்து ஒப்புதலும் பெறும் முறை கையாளப்பட்டது. அவசரப் பிரிவு ஆய்வுகளின் அறவியலில் இன்றும் விவாதிக்கப்படும் முறை இது. இத்தகைய ஆய்வுகள் அரிதாக இருப்பதற்கும், அதனால் அவசரப் பிரிவுகளில் சான்றைவிட வழக்கமே ஆட்சி செய்வதற்கும் இச்சிக்கல் ஒரு முதன்மைக் காரணம்.

3,600 குழந்தைகளைச் சேர்ப்பது திட்டம். 3,141 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2011 சனவரியில் தரவுக் கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. ஆல்புமின் விரைவுத் திரவம் பெற்ற 1,050 பேரில் 111 பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்திருந்தனர். சலைன் பெற்ற 1,047 பேரில் 110 பேர். விரைவுத் திரவமே பெறாத 1,044 பேரில் 76 பேர். விழுக்காட்டில் முறையே 10.6, 10.5, 7.3. நான்கு வாரங்களுக்குப் பின் கணக்கிட்டபோதும் வேறுபாடு மறையவில்லை, 12.2, 12.0, 8.7 என்றே நின்றது. விரைவுத் திரவம் பெற்ற ஒவ்வொரு நூறு குழந்தைகளிலும் மூவர் கூடுதலாக இறந்தனர் என்பது இதன் பொருள்.

மலேரியா இருந்தவர், இல்லாதவர், குருதிச்சோகை மிக்கவர், குறைந்தவர் என எவ்வாறு பிரித்துப் பார்த்தாலும் விரைவுத் திரவத்தால் பயனடைந்த பிரிவு ஒன்றுகூடத் தென்படவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் கண்டிப்பான வரையறைக்குள் வந்த 65 குழந்தைகளைத் தனியே எடுத்தபோது முடிவு இன்னும் கடுமையாயிற்று: திரவம் பெற்ற 50 பேரில் 24 பேர் இறந்தனர்; பெறாத 15 பேரில் 3 பேர். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் 'உண்மையான அதிர்ச்சிநிலைக்கு இம்முடிவு பொருந்தாது' என்ற மறுப்பை அது வலுவிழக்கச் செய்தது.

காட்சியும் கணக்கும்

இவ்வரலாற்றின் உயிர்நிலையான செய்தி 2013இல் வெளியான தொடர் பகுப்பாய்வில் உள்ளது. சிகிச்சை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் அதிர்ச்சிநிலை அறிகுறிகள் நீங்கியிருந்தவர்கள், விரைவுத் திரவக் குழுக்களில் 43 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 32 விழுக்காடு. அதாவது படுக்கையருகே நின்ற மருத்துவர் கண்டது பொய்யன்று. கைகள் சூடேறின, நாடி திரும்பியது. லாட்டா 1832இல் கண்ட அதே காட்சி அது. அக்காட்சியைத் தந்த சிகிச்சையே அடுத்த சில மணி நேரங்களில் கூடுதல் உயிர்களைக் கொண்டுசென்றது. அறிகுறிகள் நீங்கிய குழந்தைகளிடையேயும் நீங்காத குழந்தைகளிடையேயும் திரவம் பெற்றவர்களே மிகுதியாக இறந்தனர்.

எந்த ஒரு மருத்துவரும் தம் பட்டறிவால் இதனைக் கண்டுகொண்டிருக்க இயலாது என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது. கடும் நோயுற்ற நூறு குழந்தைகளில் ஏழு பேர் எவ்வாறாயினும் இறக்கின்றனர். பத்துப் பேர் இறக்கும்போது, கூடுதலாக இறந்த மூவர் எவர் என்று சுட்டவியலாது. திரவம் பெற்றும் இறந்த குழந்தையின் இறப்பு நோயின் கடுமைக்கு ஏற்றப்படுகிறது. பிழைத்த குழந்தையின் உயிர் திரவத்தின் பயனுக்கு ஏற்றப்படுகிறது. திரவம் தராத ஒரு குழுவோடு ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டாலன்றி இக்கணக்கு வெளிப்படாது.

இறப்பின் காரணம் குறித்து முதலில் கருதப்பட்டது நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்தல். பகுப்பாய்வு அதனை உறுதிசெய்யவில்லை. கூடுதல் இறப்புகள் பெரிதும் இதயச் சுற்றோட்ட வீழ்ச்சியால் நேர்ந்தவையாகக் காணப்பட்டன. 2019இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு, விரைவுத் திரவம் குருதியின் அமிலத்தன்மையைக் கூட்டியும் குருதியை நீர்க்கச் செய்தும் மூச்சியக்கம், மூளைச் செயல்பாடு ஆகியவற்றைத் தாழ்த்தியும் இருக்கலாம் என்று காட்டியது. அதிர்ச்சிநிலையில் கைகால் நாளங்கள் சுருங்குவது நோயின் கேடு மட்டுமன்று, உயிர்காக்க உடல் மேற்கொள்ளும் ஏற்பாடும் ஆகலாம் என்னும் கருத்தும் முன்வைக்கப்பட்டுள்ளது. இவற்றுள் எதுவும் முற்ற நிறுவப்படவில்லை.

ஏற்பும் தயக்கமும்

ஆய்வு 2011 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. செல்வ நாடுகளின் மருத்துவர்கள் பலர், மலேரியாவும் குருதிச்சோகையும் மலிந்த, தீவிர சிகிச்சைப் பிரிவற்ற இடங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்றனர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கார்சில்லோவின் 34 குழந்தைகள் எல்லா நாடுகளுக்கும் பொருந்துவர் என்று கொண்டவர்கள், 3,141 குழந்தைகளை ஒரு நிலப்பரப்புக்குள் அடக்க முனைந்தது நடுநிலையான அளவுகோல் ஆகாது.

இதைவிட வியப்புக்குரியது உலக நலவாழ்வு அமைப்பின் போக்கு. ஆய்வு நடந்த நாடுகளைப் போன்றவற்றுக்காகவே எழுதப்பட்ட அதன் குழந்தை மருத்துவக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, விரைவுத் திரவத்தைத் தொடர்ந்து பரிந்துரைத்தது. உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா கிகுலி முதலானோர் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினர். 2016இல் வெளியான திருத்திய நெறிமுறை, கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டரை 30 முதல் 60 நிமிடங்களில் மெதுவாகத் தருமாறு கூறியது. ஆய்வு முடிந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.

பெரியவர்களிடமும் இதே முடிவு கிடைக்குமா என்ற வினாவுக்குச் சாம்பியாவின் லுசாகா நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை விடை தந்தது. செப்சிஸும் தாழ் இரத்த அழுத்தமும் உடைய 209 பேரிடம் நடந்த அவ்வாய்வின் முடிவு 2017இல் வெளியானது. திரவத்துக்கு முன்னுரிமை தந்த நெறிமுறைக் குழுவில் 48.1 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 33.0 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுடையவர்கள். அமெரிக்காவில் 1,563 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்விலோ, திரவத்தை மிகுத்தாலும் குறைத்தாலும் 90 நாள் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

எல்லா அதிர்ச்சிநிலைக்கும் இம்முடிவை நீட்டுவது முன்னைய பிழையை மறுதிசையில் செய்வதாகும். காலராவில் நீர் இழப்பு ஈடுசெய்யப்பட்டே ஆக வேண்டும். டெங்கு அதிர்ச்சிநிலையில் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களைவிட்டுக் கசிகிறது. வியட்நாமில் அந்நிலையிலிருந்த 512 குழந்தைகளிடம் மூவகைத் திரவங்களை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில் ஒரே ஒரு குழந்தைதான் இறந்தது. மழைக்காலந்தோறும் டெங்குவை எதிர்கொள்ளும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காய்ச்சலுடன் சில்லிட்ட கைகளோடு வரும் குழந்தைக்கு டெங்குவா செப்சிஸா என்று முதல் ஒரு மணி நேரத்தில் தெளிவாவது எளிதன்று. திரவத்தின் அளவோ அத்தெளிவைப் பொறுத்தது.

2020இல் வெளியான குழந்தைகளுக்கான பன்னாட்டுச் செப்சிஸ் நெறிமுறை இருவேறு விதிகளை வகுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடங்களில் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லிலிட்டர் வரை, சிறிது சிறிதாக, நிலையைக் கண்காணித்துத் தரலாம். அப்பிரிவு இல்லாத இடங்களில், இரத்த அழுத்தம் தாழாத குழந்தைக்கு விரைவுத் திரவம் கூடாது. இரண்டாவது விதி ஃபீஸ்ட் ஆய்வின் நேரடி விளைவு. முதல் விதிக்கு, விரைவுத் திரவம் தரப்படாத குழுவோடு அத்தகைய வசதியுள்ள மருத்துவமனைகளில் ஒப்பிட்டு நடத்திய ஃபீஸ்ட் அளவிலான ஆய்வு எதுவும் அடிப்படையாக இல்லை.